யார் தந்த உத்தரவு?
ஆலய முற்றத்து வினாவும் மலையகத் திருச்சபையும்

எருசலேம் ஆலய முற்றத்தில் உலாவிக்கொண்டிருந்த இயேசுவைத் தலைமைக் குருமாரும் வேதபாரகரும் மூப்பரும் அணுகி ஒரு வினா எழுப்பினர் என்று மாற்கு, மத்தேயு, லூக்கா ஆகிய மூன்று சுவிசேஷகரும் பதிவு செய்துள்ளனர். அவர் செய்துவரும் காரியங்களை எந்த அதிகாரத்தைக் கொண்டு செய்கிறார், அவ்வதிகாரத்தை அவருக்கு அளித்தவர் யார் என்பதே அவ்வினா. அட்டன், டிக்கோயா, நுவரெலியாப் பகுதிகளின் பிரசங்க பீடங்களிலிருந்து இப்பகுதி விளக்கப்படும்போது, விளக்கம் பெரும்பாலும் ஒரே தடத்திற் செல்வதைக் காணலாம். கேட்டவர்கள் கடின இருதயம் படைத்த யூதர், கேட்கப்பட்டவர் தேவகுமாரன், கேட்டவர்கள் வாயடைத்துப் போயினர், ஆகவே சபையார் தேவகுமாரனின் பக்கம் நிற்றல் வேண்டும். இவ்விளக்கத்தில் ஒரு சௌகரியம் உண்டு. வினாத் தொடுத்தவர்கள் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னர் மாண்டொழிந்த வேற்று நாட்டவராகிவிடுகின்றனர். அதே வினாவை இன்று எவர் எவரிடம் கேட்கின்றனர் என்ற ஆராய்ச்சிக்கு இடமில்லாது போகிறது. மலையகத்தின் 200 ஆண்டுகால வரலாற்றை அறிந்த எவரும் இச்சௌகரியத்துக்கு உடன்படுதல் இயலாது. அவ்வரலாற்றிலே திருச்சபை பெரும்பாலும் நின்றது கேட்கப்பட்டவரின் இடத்தில் அன்று, கேட்டவர்களின் வரிசையில்.

கேட்டவர்கள் யூதர் என்பதில் விளக்கம் எதுவும் இல்லை. இயேசுவும் யூதர், அவருடைய சீடரும் யூதர், முற்றத்திற் கூடியிருந்த மக்களும் யூதர். எதற்கெடுத்தாலும் குற்றக்கூண்டில் ஏற்றப்படும் பரிசேயரைக்கூட இவ்விடத்து இழுத்தல் பொருந்தாது. மாற்கு தரும் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. வந்தவர்கள் ஆலய நிருவாகத்தார். அந்நிருவாகத்தின் தலைமையில் அப்போது இருந்த கயபா, உரோம ஆளுநனாகிய வலேரியஸ் கிராத்துஸ் என்பவனால் கி.பி. 18ஆம் ஆண்டளவில் நியமிக்கப்பட்டவர். 36ஆம் ஆண்டளவில் மற்றோர் உரோம அதிகாரியாலேயே பதவி நீக்கப்பட்டவர். யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு தரும் செய்தியொன்று இன்னும் கூர்மையானது. பிரதான குரு பெருவிழாக்களில் அணியவேண்டிய திருவுடைகள் ஆலயத்தை ஒட்டி நின்ற அந்தோனியாக் கோட்டையில் உரோமரின் பொறுப்பிற் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. விழா நெருங்கும்போது எடுத்துக் கொடுக்கப்பட்டுப் பின்னர் மீளவும் பூட்டப்பட்டன. இறைவன் சந்நிதியில் நிற்பதற்குரிய ஆடையை அந்நியப் படைவீரனிடம் இரந்து பெற்றவர்கள்தாம், நாசரேத்தூர்த் தச்சனிடம் அவனுடைய அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார்கள். சுவிசேஷகர் இம்முரணை எடுத்துச் சொல்லவில்லை. அவர்களுடைய முதல் வாசகருக்குச் சொல்லவேண்டிய அவசியமும் இருந்திராது.

தமிழ் வேதாகமம் 'அதிகாரம்' என்று பெயர்த்துள்ள கிரேக்கச் சொல் எக்ஸூசியா என்பது. 'செய்யலாம்', 'அனுமதி உண்டு' என்று பொருள்படும் வினையின் அடியாகப் பிறந்தது அது. அதே வினையைத்தான், ஓய்வுநாளிற் பசித்துக் கதிர் கொய்த சீடரைக் குறித்து, அவர்கள் செய்யத்தகாததைச் செய்வதாகப் பரிசேயர் முறையிடும் இடத்திலும் மாற்கு ஆளுகிறார். அரசாட்சி, ஆற்றல் என்ற பொருள்களுக்கு முன்னே இச்சொல்லில் அனுமதி என்ற பொருள் நிற்கிறது. தோட்டத்துப் பேச்சுவழக்கில் இதற்கு மிகச் சரியான சொல் ஒன்று உண்டு: உத்தரவு. யார் உத்தரவு கொடுத்தது? துரையும் கண்டக்டரும் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் ஒருவர் பின் ஒருவராக நின்ற ஏணியில், மேலிருந்து கீழே வந்த கேள்வி அது. கீழிருந்து மேலே ஒருபோதும் சென்றதில்லை. ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போவதற்கே ஒரு காலத்தில் 'துண்டு' வேண்டியிருந்தது. அவருடைய கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோரிடம் அவரை விட்டுவிடலாம் என்று துரை எழுதிக் கொடுத்த கடதாசித் துண்டு அது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடை செய்யும் வரையில், மனிதர் நடமாடுவதற்குரிய அதிகாரம் ஒரு கடதாசியில் இருந்தது. தோட்டத்தின் எல்லை தனியார் சொத்தின் எல்லை. அழையாது நுழைந்தவர் அத்துமீறியவர். கோ. நடேசய்யர் தோட்டத்து நிலைமைகளை நேரிற் காண்பதற்குப் புடைவை வியாபாரியாக வேடமிட்டு உள்ளே சென்றார் என்று சொல்லப்படுவது இந்தச் சூழலில்தான்.

இத்தகைய நிலத்துக்கு நற்செய்தி எவ்வாறு வந்தது? கோப்பிக் காலத்தில், 1854ஆம் ஆண்டு, தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டது. தோட்டத் துரைமாரே முன்னின்று பணம் திரட்டினர். சர்ச் மிஷனரி சங்கம் மேற்பார்வைக்குப் பாதிரியாரை அளித்தது. உபதேசிமார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தனர். பெயரிலிருந்த 'கூலி' பின்னாளில் உதிர்ந்தது. ஏற்பாட்டின் தன்மை அத்துணை எளிதில் உதிரவில்லை. உபதேசியார் லயத்துக்குள் நுழைய உத்தரவு கொடுத்தவர் துரை. ஆராதனைக்கு வேலை முடிந்த பொழுதை ஒதுக்கியவர் துரை. சம்பளத்துக்குச் சந்தா எழுதியவரும் துரையே. இயேசுவின் அதிகாரத்தைப் பிரசங்கித்தவரின் சொந்த அதிகாரம் தோட்டத்துக் காரியாலயத்திற் பூட்டிக் கிடந்தது என்று சொல்லுதல் மிகையன்று. அந்தோனியாக் கோட்டை டிக்கோயாவிலும் இருந்தது.

அந்த உபதேசிமாரைப் பழித்தல் நியாயமாகாது. அவர்களுள் எத்தனையோ பேர் லயத்துப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி கற்பித்தனர். எழுத்து வாசனையே எட்டாதிருந்த இடங்களில் மண்ணெண்ணெய் விளக்கடியிற் புத்தகம் விரித்தனர். வாசிக்கக் கற்ற பிள்ளை விவிலியத்தை மட்டுமே வாசிப்பான் என்று எண்ணியிருந்தால், அந்த எண்ணம் பொய்த்தது. பின்னாளில் அவன் தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரத்தையும் வாசித்தான். குறை தனிமனிதர்மேல் அன்று. சொல்லலாம் என்று அனுமதிக்கப்பட்டவை, சொல்லலாகாது என்று ஒதுக்கப்பட்டவை ஆகியவற்றின் எல்லையை எவர் வகுத்தார் என்பதே கேள்வி. பாரமான சுமைகளைக் கட்டி மனிதர் தோள்மேல் வைத்துவிட்டுத் தாம் ஒரு விரலாலும் அவற்றை அசைக்காதவர்களைப் பற்றி மத்தேயுவின் 23ஆம் அதிகாரத்தில் இயேசு பேசுகிறார். கொழுந்துக் கூடை சுமந்தவர்களின் முன்னிலையில் அப்பகுதியை அதன் முழுப் பொருளோடு விளக்க எத்தனை உபதேசிமாருக்கு உத்தரவு இருந்திருக்கும்?

ஆலய முற்றத்து வினாவுக்கு இயேசு அளித்த மறுமொழியும் பிரசங்கிமாரால் வெறும் சாதுரியமாகக் குறைக்கப்படுகிறது. எதிரியை மடக்கும் தந்திரம் என்று அதனை வியப்பவர் பலர். யோவான் கொடுத்த ஞானஸ்நானம் வானத்திலிருந்து வந்ததா, மனிதரிடமிருந்து வந்ததா என்ற எதிர்வினா தந்திரமன்று, அதுவே விடை. யோவான் குருகுலத்திற் பிறந்தவர் என்பார் லூக்கா. தந்தை சகரியா ஆலயத்தில் முறைவைத்து ஊழியஞ் செய்தவர். மகனோ ஆலயத்தை விட்டு வனாந்தரத்துக்குப் போனார். ஆலயத்திற் பாவநிவாரணத்துக்குப் பலி வேண்டும், பலிக்கு விலை வேண்டும், விலைக்கு ஆலயத்திற் செல்லுபடியாகும் நாணயம் வேண்டும். ஆற்றங்கரையில் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, மனந்திரும்புதலைத் தவிர. முந்தைய நாளில் இயேசு நாணயம் மாற்றுவோரின் மேசைகளைக் கவிழ்த்தார் என்பதோடு, புறா விற்பவர்களின் ஆசனங்களையும் கவிழ்த்தார் என்று மாற்கு தனியே குறிப்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். புறா ஏழைகளின் பலிப்பொருள். ஆட்டுக்குட்டிக்கு வகையற்றவள் இரண்டு புறாக் கொண்டுவரலாம் என்பது லேவியராகமத்தின் சலுகை. குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுவந்த மரியாளும் அந்தச் சலுகையிலேயே தன் கடனைத் தீர்த்தாள் என்பது லூக்காவின் செய்தி. ஏழையின் சலுகையும் வியாபாரமாகிவிட்ட இடத்தில் ஆசனம் கவிழ்ந்தது. அதற்குத்தான் உத்தரவு கேட்கப்பட்டது.

கேட்டவர்கள் தமக்குள்ளே கூடி ஆராய்ந்தனர். வானத்திலிருந்து வந்தது என்றால், ஏன் நம்பவில்லை என்ற கேள்வி வரும். மனிதரிடமிருந்து வந்தது என்றால், யோவானைத் தீர்க்கதரிசியாகக் கொண்டிருக்கும் மக்களுக்கு அஞ்சவேண்டியிருக்கும். ஆகவே தமக்குத் தெரியாது என்றனர். அறியாமையிற் பிறந்த 'தெரியாது' அன்று அது. கணக்குப் பார்த்துப் பெற்ற 'தெரியாது'.

மலையக மக்கள் இந்த விடையைப் பலமுறை பலர் வாயிலாகக் கேட்டிருக்கின்றனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை ஒரே நாளில் நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று வகுத்து, மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்பதற்கு ஒதுக்கியது. 1974இல் அந்த மீதியும் சரிபாதியாக்கப்பட்டது. கொழுந்தை நிறுக்கும் தராசுக்குக்கூட ஒருவர் அருகில் நின்று முள்ளைப் பார்க்கலாம். இந்தப் பங்கீட்டில் லயத்து மனிதரை எவரும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மற்றொரு நாட்டுக்கும் உரியவராயினர். மெய்யியலும் இறையியலும் போதித்த பீடங்கள் அன்று தம் முழு வலுவையும் திரட்டி எழுந்தன என்று திருச்சபையின் மிக நெருங்கிய நண்பரும் வாதிடமாட்டார். குடியுரிமை அரசியல்வாதிகளின் விடயம் என்பது 'தெரியாது' என்பதன் மரியாதையான வடிவமேயாகும்.

எழுந்தவர்கள் தனிமனிதர். அவர்களை மறைத்துவிட்டு வழக்குரைத்தல் நேர்மையாகாது. 1959 முதல் கண்டி மேற்றிராணியாராக இருந்த லியோ நாணயக்கார, 1972இல் பதுளை மறைமாவட்டம் புதிதாக வகுக்கப்பட்டபோது, பழைமையும் வசதியும் வாய்ந்த கண்டிப் பீடத்தை விட்டு வறிய ஊவாவுக்குத் தாமே விரும்பிச் சென்றார். அதே 1972இல் இயேசு சபைத் துறவி போல் கஸ்பேர்ஸ் கண்டியிற் சத்தியோதயம் என்ற நிலையத்தை நிறுவினார். சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துக்களும் கிறித்தவரும் ஒன்றுகூடி வாழ்ந்தும் ஆராய்ந்தும் பெருந்தோட்ட மக்களிடையே பணியாற்றிய இடம் அது. 1974இல் பெருந்தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகமும், 1979இல் இன நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கமும் உருவாவதில் அவர் முன்னின்றார். கஸ்பேர்ஸ் மலையகத் தமிழர் அல்லர். அவருக்குத் தொழிற்சங்கப் பதவியோ பாராளுமன்ற ஆசனமோ இல்லை. தோட்டத் தொழிலாளியின் உரிமை பற்றிப் பேச அவருக்கு யார் உத்தரவு கொடுத்தது? 2017இல் அவர் மறையும் வரை அக்கேள்விக்குத் தக்க கடதாசி எதுவும் அவரிடம் இருந்ததில்லை. இத்தகையவரைத் திருச்சபை இன்று தன் பெருமைகளுள் ஒன்றாக எண்ணிக்கொள்வது இயல்பே. தீர்க்கதரிசிகளின் கல்லறைகளை அலங்கரிப்பவர்களைப் பற்றியும் மத்தேயுவின் அதே அதிகாரத்தில் ஒரு குறிப்பு உண்டு.

புறாக்களோடு ஆலயத்துக்கு வந்த அந்த ஏழைத் தாயைப் பற்றி எழுதியதற்காகவே இந்நாட்டில் அதிகார வினா அதன் முழு வடிவில் ஒருமுறை எழுந்தது. மலையகக் கத்தோலிக்கரிடையே மாதா பக்தி ஆழமானது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் காட்டப்பட்ட மாதாவோ பெரும்பாலும் குனிந்த தலையும் கூப்பிய கையுமாகப் பணிந்து நின்ற மாதா. அமலமரித் தியாகிகள் சபைக் குரு திஸ்ஸ பாலசூரிய, 1990இல் வெளியிட்ட 'மரியாளும் மானிட விடுதலையும்' என்ற ஆங்கில நூலில் இப்படிமத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். வலியோரை ஆசனங்களிலிருந்து இறக்கும் இறைவனைப் பாடிய பெண்ணைப் பணிவின் பொம்மையாக்கியது எவ்வாறு என்று வினவினார். ஆதிபாவக் கோட்பாட்டின் மரபான விளக்கத்தையும் ஐயுற்றார். இலங்கை ஆயர்கள் 1994இல் நூலைக் கண்டித்தனர். உரோமாபுரியின் விசுவாசக் கோட்பாட்டுச் சபை தனியே ஒரு விசுவாச அறிக்கையை வரைந்து அவரைக் கையொப்பமிடப் பணித்தது. பெண்களைக் குருக்களாக்கத் திருச்சபைக்கு அதிகாரம் இல்லை என்பதும் அதில் ஒரு கூறு. அதிகாரம் இல்லை என்பதை அதிகாரத்தால் ஒப்புவிக்க முயன்ற விந்தை அது. பாலசூரிய அதனை விடுத்து, ஆறாம் பவுல் பாப்பரசரின் விசுவாச அறிக்கையில் தமது குறிப்பொன்றைச் சேர்த்துக் கையொப்பமிட்டார். 1997 ஜனவரியில், 72 வயதில், அவர் சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். ஓராண்டின் பின், 1998 ஜனவரியில், உலகெங்கும் எழுந்த கண்டனங்களின் நடுவே அத்தண்டனை நீங்கியது.

பாலசூரியவின் இறையியல் முழுவதும் சரியென ஒப்புதல் அவசியமன்று. ஆதிபாவம் பற்றிய அவருடைய வாதங்களில் அவசரம் தென்படுகிறது என்று கூறுவாரும் உளர்; அவர்களுக்கு நூலிலேயே மறுமொழி எழுதியிருக்கலாம். மறுநூலுக்குப் பதிலாகக் கையொப்பம் கேட்கப்பட்டது என்பதே இவ்விடத்துக் கருதத்தக்கது. கையொப்பம் கேட்பது துண்டு முறையின் வழி.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஒரு தடை வலிமையுடையது. ஒழுங்கும் அபிடேகமும் வேண்டாம், எவரும் தமக்கு அதிகாரம் உண்டு எனலாம் என்றால், தெருவுக்கொரு தீர்க்கதரிசி தோன்றமாட்டானா? தோன்றியுள்ளான். மலையகத்துச் சிறு நகரங்களில் வாடகை மாடிகளிலும் தகரக் கொட்டகைகளிலும் இயங்கும் செபவீடுகள் பல. அவற்றுட் சில ஆதரவற்றோருக்கு உண்மையான ஆறுதல் அளிக்கின்றன. வேறு சில, பரிசுத்த ஆவி நேரே பேசினார் என்று கூறி, அரைப் பேருக்கு வேலை செய்த பெண்ணிடம் தசமபாகம் வாங்குகின்றன. உத்தரவு இல்லாமை தன்னளவில் வானத்து முத்திரை ஆகாது. ஆயினும் இத்தடை மேற்றிராசனங்களுக்குத் துணை செய்வதாகவும் இல்லை. யோவானின் ஞானஸ்நானம் இரு தரப்பையும் ஒரே உரைகல்லில் உரைக்கிறது. அவரிடம் வந்தவர் எதையும் விலை கொடுத்து வாங்கவில்லை. அவரோ தலையையே விலையாகக் கொடுத்தார். கொட்டகையில் நிற்பவரும் பேராலயத்தில் அமர்ந்திருப்பவரும் தத்தம் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால், யாருடைய கூலியிலிருந்து என்ன கழிந்தது என்பது தெரியவரும்.

கிறித்தவர் மலையகத்திற் சிறுபான்மையினர்; பெரும்பான்மையினரான இந்துக்கள் இவ்வழக்கை வேடிக்கை பார்க்கலாம் என்று எண்ணுதல் தகாது. தோட்டத்து மாரியம்மன் கோயிலைக் கல் சுமந்து கட்டியவர் தொழிலாளர். கோயிற்பணம் கழிக்கப்பட்டது அவர்களுடைய சம்பளத்தில். காமன் கூத்தை ஆடி, காப்புக் கட்டி, தீ மிதித்தவரும் அவர்களே. திருவிழா நாளில் மாலை சூடி முதல் மரியாதை பெற்றவரோ, அம்மனை வணங்காத மதத்தவராயினும், துரை. தோட்டத்துப் பூசாரிக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று ஆகமங் கற்றோர் வினவுவதும் உண்டு. மதச் சார்பற்ற தொழிற்சங்கத் தலைமைகளின் வரலாற்றையும் இதே வினாக் கொண்டு எழுதலாம்; அது தனியே ஒரு கட்டுரையை வேண்டுவது.

தலைமைக் குருமார் அஞ்சியது மக்களுக்கு என்பதை மூன்று சுவிசேஷகரும் மறவாது குறித்துள்ளனர். அம்மக்கள் பெரும்பாலும் பாஸ்கா விழாவுக்காக ஊர்ப்புறங்களிலிருந்து நடந்து வந்தவர்கள். 2023இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, மூதாதையர் வந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. குருமார் சிலரும் அந்த வரிசையில் நடந்தனர். மேடையில் அல்லாது வீதியில், மற்றவர்களோடு. காணியுரிமை அப்பயணத்தின் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகி, 1992 முதல் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்ற பின்னும், லயத்தில் வாழும் பெரும்பாலோருக்குத் தாம் பிறந்த அறையின்மீது உறுதி இல்லை. பின்புறம் ஒரு குசினியை இறக்கிக் கட்டுவதற்கும் தோட்டத்து உத்தரவு வேண்டும்.

கத்தோலிக்கத் திருச்சபையின் வாசக ஒழுங்கிற் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. மத்தேயுவின் 21ஆம் அதிகாரத்திலிருந்து ஞாயிறு வாசகமாக எடுக்கப்படும் ஒரு பகுதி 28ஆம் வசனத்தில், அதாவது அதிகார வினா முடிந்த உடனே தொடங்குகிறது. அவ்வினா அடங்கிய ஐந்து வசனங்கள் திருவருகைக்கால மூன்றாம் வாரத்துத் திங்கட்கிழமைக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. மார்கழி மாதத்துத் திங்கள் காலையில் அட்டன் தேவாலயத்தில் அவை வாசிக்கப்படும் வேளையில், கொழுந்து பறிப்பவர்கள் பனியிற் பெரட்டுக்களத்தில் நின்று தங்கள் பேரைப் பதிந்துகொண்டிருப்பர்.